இதோ, பக்கத்துலதான்

லாரியிலிருந்து இறங்கியவள் தனியாக வந்திருந்தாள். முதுகில் ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு சிவப்புப் பை, கையில் ஒற்றை ஊன்றுகோல், மேலே வாத்திறகு அடைத்த நீல ஜாக்கெட். ஹான்கோபம்பா ஊரில் இறங்கி, சரானி கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகளை சபினோ பத்து வருடமாகப் பார்க்கிறான். பாதிப் பேருக்குச் சுமை தூக்குவது அவனுடைய கோவேறு கழுதைகள்தான். இவள் கழுதை வேண்டாம் என்றுவிட்டாள். அவன் மனைவி சுல்மாவின் பெட்டிக்கடையில் நாலு ரொட்டியும் ஒரு மத்தி மீன் டப்பாவும் வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

சபினோ வெறுங்காலோடு உருளைக்கிழங்கு மிதித்துக்கொண்டிருந்தான். இரவு உறைபனியில் கிடந்த கிழங்கை வெயில் ஏறுவதற்குள் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். அப்போதுதான் காயவைத்து வருடக்கணக்கில் வைத்துத் தின்னலாம். நடுவில் நிறுத்தக்கூடிய வேலை இல்லை. அவள் உடைந்த ஸ்பானிஷில் கணவாய் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

“இதோ, பக்கத்துலதான்,” என்றான் தலை நிமிராமல்.

ஆறு மணி நேர ஏற்றம் அது. பொய் சொல்ல வேண்டுமென்று அவன் சொல்லவில்லை. அந்த மலையில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். களைத்து நிற்பவரிடம் உள்ளபடி தூரத்தைச் சொன்னால் காலில் மிச்சமிருக்கிற பலமும் போய்விடும் என்பார்கள். கேட்பவர் உள்ளூர்க்காரர் என்றால் சிரித்துக்கொண்டே, களைப்புத் தெரியாமலிருக்க மெல்லுகிற கோக்கா இலையை இன்னும் ஒரு பிடி மடியில் கட்டிக்கொள்வார். அவளுக்கு அது தெரியாது. “கிராசியாஸ்” என்று நன்றி சொல்லி, பளிச்சென்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். மேற்கே வானம் திரிந்த பாலாகக் கிடந்ததை சபினோ பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் கிழங்கை மிதித்தான்.

மூன்று நாள் பனி கொட்டியது. எட்டாம் நாள் அவளைக் கண்டெடுத்தவனும் அவன்தான்.

கணவாயின் உச்சியில், வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல் வைத்து வைத்துக் குவிந்த கற்குவியலில் சாய்ந்து, ஏறி வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பை பக்கத்தில் இருந்தது. ஜாக்கெட் இல்லை. உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், துணியைக் கழற்றிவிடுவார்கள் என்றார் போலீஸ்காரர். அவர் நீட்டிய தாளில் லீஸ்பெத் என்று பெயர் எழுதியிருந்தது. சபினோ கையெழுத்துப் போட்டான். அவள் கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் சுல்மாவிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சுல்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவதை அவளால் பார்க்க முடியவில்லை. அதனால் அதையே கேலியாக்கினாள். சூப் ஆயிற்றா என்று கேட்டால், அடுப்படியிலிருந்து “இதோ, பக்கத்துலதான்” என்று பதில் வரும். முதலில் அவனுக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அதற்கும் பிறகு ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்படித்தான் அவள் அவனை மீட்டெடுத்தாள்.

அக்டோபரில் பனி விலகியபோது கற்குவியலுக்குப் பின்னால் நீல ஜாக்கெட் கிடைத்தது. நான்காக மடித்து, பறக்காமல் மேலே ஒரு கல்லும் வைத்திருந்தது. சுல்மா எடுத்து உதறினாள்.

“வேணாம் சுல்மா. செத்தவ துணி.”

“செத்தவளுக்குக் குளிராது. எனக்குக் குளிருது. நீ இந்த மாதிரி ஒண்ணு வாங்கித் தரப்போறியா?”

அவனால் முடியாது. அவள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஜூனில் ஆறு பயணிகளுக்குச் சமையல்காரியாக சுல்மாவும் கணவாய்க்கு வந்தாள். உச்சியில் இடியோடு ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. சட்டிபானைகளோடு ஒரு கழுதை சரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த சுல்மாவையும் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போயிற்று. சபினோ பாய்ந்து அவள் பாவாடையைப் பற்றி நிறுத்தினான். அவள் தொப்பி எங்கேயோ பறந்து போனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தூரத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஊர் நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றினாள். பட்டணத்து டாக்டர் ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். நாற்பது நாளில் அவள் கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் போல் ஆகிவிட்டது. சபினோ இரவும் பகலும் அவள் வாயில் கரண்டியை வைத்துக்கொண்டு, சுல்மா, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் இல்லாமல் வாழ அவனுக்குத் தெரியாது. அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

காசிமிரோ மினிபஸ் ஓட்டுபவன். கோக்கா இலை போட்டுக் குறி பார்ப்பதும் உண்டு. சபினோவுக்குக் கொம்பாத்ரே, அதாவது அவன் பிள்ளைக்கு சபினோ ஞானத் தகப்பன். எப்போதும் ஏதாவது ஆபாசமாகச் சொல்லிச் சிரிக்க வைப்பவன், அன்று இலைகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“உன் பொண்டாட்டி இங்க இல்ல, கொம்பாத்ரே. பயந்த எடத்துலயே அவ உசுரு நின்னுபோச்சு. நீதான் போய்க் கூட்டிட்டு வரணும். வெள்ளிக்கிழமைக்கு மேல தாங்கமாட்டா.”

என்ன செய்ய வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் வேர்வை ஊறிய துணியோடு அந்த இடத்துக்குப் போய், பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டு, துணியில் வந்து சேர்ந்த உயிரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். துவைத்த துணி ஆகாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னான் காசிமிரோ.

“வழியில யாரு என்ன கேட்டாலும் வாயத் திறக்காத. பதில் சொன்னா, கேட்டவங்களும் உன்கூட வந்துருவாங்க.”

வீட்டுக்கு வந்து பார்த்தால், சுல்மாவின் தங்கை பெர்த்தா, நோயாளி வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று அத்தனை பாவாடையையும் சால்வையையும் ஆற்றில் அலசிக் காயப் போட்டிருந்தாள். இறகு அடைத்தது காயாது என்று ஜாக்கெட்டை மட்டும் விட்டிருந்தாள்.

அது யாருடையது என்ற நினைப்பு அவனுக்கு வராமல் இல்லை. ஆனால் ஒன்பது மாதம் அவள் உடம்பில் கிடந்த துணி. முகர்ந்து பார்த்தான். அடுப்புப் புகையும் வெங்காயமும் அவள் வேர்வையும் மணத்தன. போதும் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது கிளம்பி நண்பகலுக்கு உச்சியை அடைந்தான். வெயில் இருந்தது. கற்குவியலில் கோக்கா இலை வைத்து, பூமித் தாய்க்குச் சாராயம் தெளித்தான். அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து காலை மூடியது. பிறகு இடுப்பை மூடியது. கடைசியில் கற்குவியலும் மறைந்தது. காற்று நின்றுவிட்டது. அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது.

ஜாக்கெட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

“சுல்மா, வா. வீட்டுக்குப் போலாம், வா.”

ஒன்றும் இல்லை.

“சுல்மா, வா. அடுப்பு அணைஞ்சு கெடக்கு, வா.”

ஈரமான கல்லில் ஏதோ உரசியது.

“சுல்மா, உன்னக் கும்பிடுறேன். வந்துரு.”

கையில் ஜாக்கெட் கனத்தது.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தையைச் சுருட்டுவது போல அதைச் சுருட்டி, சால்வையில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினான். பேசிக்கொண்டே இறங்கினான். பெர்த்தா சூப் வைத்திருப்பாள், செம்மறி ஆடு குட்டி போட்டிருக்கிறது, கடையைத் திறக்கச் சொல்லி ஊரே கேட்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான்.

பின்னால் காலடி கேட்டது.

கேட்கும் என்று காசிமிரோ சொல்லியிருந்தான். அதனால் பயமில்லை. ஆனால் சுல்மா வாழ்நாள் முழுக்க டயர் செருப்பு போட்டவள். அவள் நடந்தால் பட்பட்டென்று சத்தம் வரும். இது கனமான பூட்ஸ். கூடவே இரண்டு அடிக்கு ஒரு தரம், கல்லில் இரும்பு முனை தட்டுகிற சத்தம்.

டக்.

டக்.

திரும்பக் கூடாது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். அதுவும் நெருங்கி வந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. இந்த உயரம் பழகாதவர்கள் வாயால் இழுக்கிற மூச்சு. அவன் கழுத்தில் அது பட்டது. சில்லென்று இருந்தது.

“எவ்வளவு தூரம்?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“எவ்வளவு தூரம்?”

சுல்மாதான் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். அவளுக்கு இதுதானே வேலை. ஒரு மணி நேரம் அந்தக் குரல் அதையே கேட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் களைத்துப் போய், அழ ஆரம்பிக்கப் போகிற குரலில் கேட்டது. சபினோ கண்ணீரோடு கல்லைப் பார்த்து, சேற்றைப் பார்த்து, அடியை எண்ணி எண்ணி நடந்தான். ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கியது. கவனம் ஒரு கணம் சிதறியது. நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

“இதோ, பக்கத்துலதான்.”

பின்னால் பளிச்சென்று ஒரு சிரிப்பு.

“கிராசியாஸ்.”

அப்போதுதான், வெகு தூரத்தில், மேலே, மூடுபனிக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. ஒரு தடவைதான் வந்தது. சத்தம் போடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய குரல்.

“சபினோ, என்னைய விட்டுட்டுப் போறியா?”

அவன் நின்றான். ஓடையின் நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றான். திரும்பினால் முதுகில் இருப்பது போய்விடும். முதுகில் இருப்பது சுல்மா என்றால் அவளைத் தானே கொன்றவன் ஆவான். மேலே இருப்பது சுல்மா என்றால்? ஏமாற்றுவதற்கு எத்தனையோ குரல் வரும் என்றுதானே சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அவன் திரும்பவில்லை. கரையேறி ஓடினான்.

அந்தி மங்கும் நேரத்தில் வீடு வந்து, ஜாக்கெட்டை சுல்மாவின் மேல் போர்த்தினான். அவள் நீளமாக மூச்சை இழுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். பெர்த்தா விழுந்து கும்பிட்டுவிட்டு, சூப்பை எடுக்க அடுப்படிக்கு ஓடினாள். சுல்மா சூப்பைத் தொடவில்லை. அலமாரியைக் கை காட்டினாள். ரொட்டியும் மத்தி மீன் டப்பாவும் கேட்டாள். நாற்பது நாள் பட்டினி கிடந்தவள் நாலு ரொட்டியும் தின்றாள். பெர்த்தா ஆனந்தத்தில் அழுதுகொண்டே அக்காவிடம் தங்கள் தாய்மொழியான அய்மராவில் என்னென்னவோ கேட்டாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் புரிந்த அடையாளம் இல்லை. சும்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சுல்மா,” என்றான் சபினோ.

அவள் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பெர்த்தா பாத்திரத்தோடு வெளியே போகட்டும் என்று காத்திருந்தான். பிறகு, தனக்கே கேட்காத குரலில் சொன்னான்.

“லீஸ்பெத்.”

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அவன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டான். விடிந்ததும் காசிமிரோவைக் கூட்டி வர வேண்டும், வந்ததை அனுப்பிவிட்டு விட்டதைக் கூட்டி வர ஏதாவது வழி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு மணி நேரம் மலையில் நடந்த உடம்பு. எப்போது கண்ணயர்ந்தான் என்று தெரியவில்லை. குளிர் முகத்தில் அடித்து விழித்தபோது கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. முற்றத்து உறைபனியில் வெறுங்கால் தடம் கணவாய்ப் பக்கம் போயிற்று. அதன் வலப்புறத்தில், இரண்டு அடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் துளைகள். மூலையில் இருந்த விளக்குமாற்றுக் கழியைக் காணவில்லை.

பாதியில் நிறுத்திய பயணத்தை அவள் முடிக்கப் போகிறாள். சுல்மாவின் கால்களால் போகிறாள்.

சபினோ ஓடினான். அந்த உயரத்தில் யாரும் ஓட மாட்டார்கள். அவன் ஓடினான், விழுந்தான், மூக்கில் ரத்தம் வழிய மறுபடி ஓடினான். உச்சியை அடையும்போது மூடுபனி அப்படியே இருந்தது.

கற்குவியலில் சாய்ந்து, ஏறி வந்த வழியைப் பார்த்தபடி, அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் ஜாக்கெட், நான்காக மடித்து, மேலே ஒரு கல்லோடு.

அவன் அவளை மடியில் போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தான், காலைத் தேய்த்தான், வாயில் ஊதினான். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு மூடுபனியைப் பார்த்துக் கத்தினான்.

“சுல்மா. எங்க இருக்க?”

உடனே பதில் வந்தது. அடுப்படியிலிருந்து வருமே, அதே கேலிக் குரல்.

“இதோ, பக்கத்துலதான்.”

இருபதடி ஓடினான். யாருமில்லை. மறுபடி கேட்டான். அதே பதில், அதே இருபதடிக்கு அப்பாலிருந்து. பொழுது சாயும்வரை கேட்டுக் கேட்டு நடந்தான். கையில் அகப்பட்டது, பாறையிடுக்கில் கிடந்த அவள் தொப்பி மட்டும்தான்.

இப்போது யார் தூரம் கேட்டாலும் சபினோ ஆறு மணி நேரம் என்று உள்ளபடி சொல்கிறான். வானம் சரியில்லை என்றால் வழியை மறித்துச் சண்டை பிடிக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் தொப்பியை எடுத்துக்கொண்டு தனியாக மேலே போகிறான். கணவாயைக் கடந்து வருகிற பயணிகளில் சிலர் அவன் கொட்டகையில் டீ குடிக்கும்போது சொல்வதுண்டு. உச்சியில் மூடுபனியில் திசை தெரியாமல் நின்றார்களாம், ஒரு அம்மாவின் குரல் கேட்டதாம், ஆளைப் பார்க்க முடியவில்லையாம், ஆனால் அந்தக் குரல் கேட்டதும் தெம்பு வந்து நடந்துவிட்டார்களாம்.

அவள் என்ன சொன்னாள் என்று சபினோ அவர்களைக் கேட்பதில்லை. எந்தப் பக்கமிருந்து குரல் வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்வான்.