முன்நகை

பட்டை கோமதியின் வயிற்றைச் சுற்றி ஒருமுறை இறுகித் தளர்ந்தது. தொண்டையில் ஒரு உணர்வொட்டி, கன்னங்களில் இரண்டு.

"பயப்படாதீங்கக்கா. அஞ்சு நிமிசம்தான்," என்றாள் ஜெபமணி. அந்த மருத்துவமனையில் முன்நகைமானியை இயக்குபவள் அவள். "உங்க வீட்டுச்சொல்லோட முன்பாதிய இது சொல்லும். பின்பாதிய நீங்க சொல்லணும். சிரிப்பு வந்தா அடக்காதீங்க."

கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. மாடியில் அவளுடைய அம்மா சண்முகவடிவு இடுப்பெலும்பு முறிந்து, வலிமருந்தின் மயக்கத்தில் கிடந்தாள். உடைந்த எலும்பு ரத்தக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. நான்கு மணிக்குள் அறுவை செய்யாவிட்டால் காலைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பெற்ற பிள்ளையோ, பதினெட்டு முடிந்த பேரப்பிள்ளையோ ஒப்பமிட வேண்டும். கோமதி பெற்ற பிள்ளைதான் என்று இந்தக் கருவி சொல்ல வேண்டும்.

கணினியில் வார்த்த போலிக்குரலும் போலிமுகமும் வந்த பிறகு, யார் வேண்டுமானாலும் யாராகவும் வந்து நின்றார்கள். விரல்ரேகையை அச்சடித்து ஒட்டிக்கொண்டார்கள். அடுத்தவரின் மரபணுவை மெல்லிய படலமாக நாக்கில் பூசிக்கொண்டார்கள். பிள்ளை என்று சொல்லி வந்தவர்கள் மருத்துவமனைகளிலிருந்து முதியவர்களைக் கூட்டிப்போனார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

திருட முடியாதது ஒன்று மிஞ்சியிருந்தது. ஆச்சிமார் வீட்டுக்குள் சொல்லிவிட்டுப் போன வேடிக்கைப் பேச்சுகள். எழுதி வைக்கும் அளவுக்கு யாரும் அவற்றைப் பெரிதாக நினைக்கவில்லை. அதனால் அதுவரை எங்கும் பதிவு இல்லை. ஆனால் வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. வேலைக்காரர்களிடம் விசாரித்து யாராவது சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். சிரிப்பை மனப்பாடம் செய்ய முடியாது. அந்த வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல் முடிவதற்கு அரை நொடி முன்னதாகவே வயிறு குலுங்கத் தொடங்கிவிடும். அந்த அரை நொடிக்கு முன்நகை என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வீடும் அப்படி ஒரு வீட்டுச்சொல்லைக் கருவியில் மட்டும் பதிந்து வைத்தது.

இப்போது யாரும் வீட்டுச்சொல்லைத் தெருவில் சொல்வதில்லை. கல்யாண வீட்டில்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, மெதுவாகச் சிரித்தார்கள்.

கருவி ஏற்ற இறக்கமில்லாத குரலில் தொடங்கியது.

"கோமதி பொறக்கையில கரண்டு போச்சு..."

"இன்னும் வரல," என்றாள் கோமதி.

விளக்கு சிவப்பாக எரிந்தது. *சொல் சரி. முன்நகை இல்லை. உறவு உறுதியாகவில்லை.*

ஜெபமணி திரையைத் தட்டிப் பார்த்தாள். "பதட்டமா இருக்கும். அம்மா கெடக்கும்போது யாருக்குத்தான் சிரிப்பு வரும்? ஆனா அப்பவும் லேசா ஒரு அசைவு வந்துரும்க்கா. சாவு வீட்டுலேயே வந்துருக்கு. தண்ணி குடிச்சிட்டு இன்னொரு வாட்டி பாப்போம்."

கோமதி தண்ணீர் குடித்தாள். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். பிரமு ஆச்சியின் சொல். வீட்டில் ஆவுடையக்கா சிவப்பு, தம்பி மாநிறம், கோமதி நல்ல கறுப்பு. அவள் பிறந்தபோது புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஆச்சி பிள்ளையைக் கையில் வாங்கி, அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம். முன்பாதியை ஆச்சி சொல்ல, பின்பாதியை வீடே சேர்ந்து சொல்லும். சோற்றுப் பந்தியில், ரயிலில், பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில். மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே வாரத்தில் பின்பாதியைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆச்சிக்கு அவள்மேல்தான் பிரியம் அதிகம். முறுக்கில் உடையாதது கோமதிக்கு. மடியில் படுக்கும் உரிமை கோமதிக்கு. அதுவும் உண்மை.

இரண்டாம் முறை அவள் சிரிக்க முயன்றாள். "இன்னும் வரல" என்பதற்குச் சற்று முன்பே வாயை விரித்து, வயிற்றை உலுக்கினாள். கருவி அதையும் கண்டுகொண்டது. *முயற்சி நகை. ஐயம்.*

ஜெபமணியின் முகம் மாறியது. குரலில் இருந்த 'அக்கா' போய்விட்டது. "இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு. மூணாவதும் தப்பாயிட்டா வேடதாரின்னு பதிவாயிரும். அப்புறம் நீங்க மாடிக்கே போக முடியாது. நான் ஒண்ணும் செய்யவும் முடியாது."

கோமதி வெளியே வந்தாள். ஆவுடையக்கா தொலைபேசியில் அழைத்தாள். அவள் தென்துருவ ஆய்வுக்கூடத்தில் சமையல் பொறுப்பில் இருந்தாள். அங்கே குளிர்காலம், இன்னும் இரண்டு மாதத்துக்கு விமானம் இல்லை. தம்பி இறந்து நான்கு வருடமாகிறது. தொலைபேசியில் ஆவுடையின் குரலைக் கருவி ஏற்காது.

"என்னளா ஆச்சு? ஒப்பம் போட்டியா?"

"சிரிப்பு வரலக்கா."

"எதுக்கு வரல? எதக் கேட்டுச்சு? சொல்லாத, சொல்லாத. நீ பொறந்த கதையா?"

"ம்."

"அதுக்கா வரல?" ஆவுடையின் குரல் உடைந்து, அதன் நடுவிலேயே சிரிப்பு வெடித்தது. "ஐயோ, நெனச்சாலே வருதே எனக்கு. அம்மா அங்க கெடக்கா, நான் சிரிக்கேன் பாரு. ஆச்சி விளக்கத் தூக்கிக் காட்டுவாள்ளா... நெனச்சுப் பாருளா, வந்துரும்."

கோமதி நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

மணி ஒன்று நாற்பது. மகள் பொருநையைக் காபி வாங்க அனுப்பி அரைமணி ஆகியிருந்தது. பொருநைக்குப் பதினேழு வயது; ஒப்பமிட இன்னும் ஆறு மாதம் வேண்டும். ஜெபமணி கதவருகே வந்து, சற்று இளகிய குரலில், "எதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"காபிக்கு மக போயிருக்கா." கோமதிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "அவள ஒரு வேலைக்கு அனுப்பினா, அவளத் தேட ரெண்டு பேர அனுப்பணும்."

ஜெபமணி சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

"ஆறு வயசுல கருவேப்பிலை வாங்கப் போனவ, பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா. ரெண்டு பேரு தேடிப் போயி, அந்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயி..." கோமதி அன்று வேலைக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் பிள்ளை கிடைத்து, சாப்பிட்டு, தூங்கியும் விட்டது. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போதே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கதாம்மா நிக்கேன்," என்றாள் பொருநை. காபிக் குவளையை நீட்டினாள். அவளும் சிரித்தாள்.

ஜெபமணி உள்ளே போனவள் உடனே திரும்பி வந்தாள். "ஒரு நிமிசம் வாங்க. இப்ப நீங்க சிரிச்சீங்கள்லா, அது மாதிரி சிரிக்கிறவங்க வேசம் போட வந்தவங்களா இருக்க முடியாது. ஆனா வரைபடத்துல ஒண்ணு எனக்குப் புரியல."

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. முதல் முறை வயிற்றுக்கோடு மேலே எழவில்லை; இரண்டாம் முறை வலிந்து உலுக்கியபோதுதான் எழுந்தது. அதற்கு முன்பே கீழே ஒரு சிறிய பள்ளம் விழுந்திருந்தது. மூச்சு நின்றிருந்தது. இரண்டு முறையும் ஒரே இடத்தில்.

ஜெபமணி கருவியை வடிவமைத்த மையத்தை அழைத்தாள். பொறியாளர் ஒருவர் சலிப்போடு இணைப்பில் வந்தார். "முன்நகை இல்லன்னா இல்லதான். கைதேர்ந்த வேடதாரிகளா இருப்பாங்க. சொல்ல அட்சரம் பிசகாம சொல்லுவாங்க."

"சார், பள்ளம் எங்க விழுதுன்னு பாருங்க."

"எங்க?"

"கரண்டுன்னு சொல்றதுக்கு முன்னாடியே. 'கோமதி'ங்கிற முதல் சொல்லுலயே."

அந்தப் பக்கம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிறகு பொறியாளர், சொல்லை முடிக்க வேண்டாம், கேட்க மட்டும் செய்யட்டும் என்றார். மூன்றாம் முறை. முதலில் அவள் பெயரில் தொடங்கும் வேறு வாக்கியங்களை ஓட்டினார்கள். *கோமதி வீட்டில் இல்லை. கோமதி காய்கறி வாங்கினாள்.* கோடு அசையவில்லை. நடுவே, அறிவிக்காமல், வீட்டுச்சொல்லைக் கோத்தார்கள். 'பொறக்கையில' என்பதன் முதல் எழுத்து காதில் விழுந்ததுமே, 'கரண்டு' என்ற சொல் வரும் முன்பே, பள்ளம் விழுந்தது.

"திருடிக் கத்துக்கிட்டவங்களுக்கு இது வராது," என்றார் பொறியாளர் மெதுவாக. "இருபது முப்பது வருசம் கேட்டிருக்கணும்." பிறகு, பழைய பதிவுகளில் தேடிப் பார்த்துவிட்டு, அவர்களிடம் அல்லாமல் தனக்கே சொல்வதுபோல, "நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேரு. இதே பள்ளம். எல்லாரையும் வேடதாரின்னு திருப்பி அனுப்பியிருக்கோம்," என்றார்.

இரண்டு ஐம்பதுக்கு மையத்திலிருந்து ஒப்புதல் வந்தது; கோமதி ஒப்பமிட்டாள். மூன்றரைக்குச் சண்முகவடிவை அறுவைக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். கால் பிழைத்தது.

பத்தாம் நாள், கட்டிலில் சாய்ந்தபடி சண்முகவடிவு சான்றைப் படித்தாள். உறவு உறுதி என்பதற்குக் கீழே, வழி என்ற இடத்தில், பொறியாளர் புதிதாக ஒரு சொல் எழுதியிருந்தார். முன்வலி.

"என்னட்டி இது?"

கோமதி சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.

"நீயும் சிரிச்சியேட்டி எங்க கூட."

"சிரிச்சேன்."

"ஆச்சிக்கு உன் மேல உசுரு."

"தெரியும்மா."

சண்முகவடிவு சான்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான்தான் அதப் போயிப் பதிஞ்சேன். நம்ம வீட்டுல எல்லாரும் ஒண்ணாச் சிரிச்சது அது ஒண்ணுக்குத்தான்னு நெனச்சேன்." சான்றைக் கோமதியிடம் நீட்டினாள். "அத எடுத்துட்டு வேற பதிஞ்சிரு. உன் வீட்டுக்கு நீயே பதிஞ்சுக்க."

நான்கு மாதத்தில் எல்லாக் கருவிகளும் இரண்டு வழிகளையும் ஏற்கத் தொடங்கின. எந்த வழி என்பதைச் சான்றில் அச்சிட வேண்டும் என்று சட்டம். முதல் மாதக் கணக்கில் நூற்றுக்கு நாற்பது பேர் முன்வலியில் தேறினார்கள். பெரும்பாலும் வீட்டின் கறுத்த பிள்ளைகள், குண்டான பிள்ளைகள், திக்கிப் பேசியவர்கள், படிப்பில் தோற்றவர்கள். சான்றை வாங்கிப் படித்த அப்பாக்கள் வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். அண்ணன்கள் கருவி பழுது என்றார்கள். "நாங்க எவ்வளவு ஜாலியான குடும்பம் தெரியுமா?" என்று ஒரு அம்மா ஜெபமணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

பொருநைக்குப் பதினெட்டு முடிந்த வாரம், கோமதி அவளைக் கூட்டிக்கொண்டு பதிவுக்கு வந்தாள். எந்தச் சொல்லைப் பதிவது என்று பல நாள் யோசித்திருந்தாள். நிறம் கூடாது. உடம்பு கூடாது. படிப்பும் கூடாது. அப்படிப்பட்ட ஒன்றையும் அவள் தன் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அவள் மிகக் கவனமாக இருந்திருக்கிறாள்.

"அந்தத் தேடப்போற கதையையே பதிஞ்சிருவோமாட்டி?"

"உன் இஷ்டம்மா," என்றாள் பொருநை.

இருவருக்கும் பட்டை கட்டினாள் ஜெபமணி. "அன்னைக்கே சொன்னீங்களேக்கா, இதான் நல்ல சொல்லு," என்றாள். பதிந்து முடித்ததும், சரிபார்ப்புக்காகக் கருவி ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லியது.

"பொருநைய ஒரு வேலைக்கு அனுப்பினா..."

கோமதி முடிக்குமுன்பே அவள் வயிறு குலுங்கிவிட்டது. *உறவு உறுதி. வழி: முன்நகை.* அவளுக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டுச்சொல்லில் சிரித்துத் தேறியிருக்கிறாள்.

இரண்டாம் திரை சற்றுத் தாமதித்தது.

*உறவு உறுதி. வழி: முன்வலி. தொடக்கம்: முதற்சொல்.*

ஜெபமணி திரையின் ஒளியைக் குறைத்தாள்.

பொருநை தன் பட்டையைத் தானே கழற்றினாள். "பஸ் ஸ்டாண்டுல இருட்டினதுக்கு அப்புறம்தாம்மா வந்தாங்க," என்றாள், யாரையும் குறை சொல்லாத குரலில். "சான்று கீழ குடுப்பாங்களாம். நான் போயி வாங்கிட்டு வாரேன்."

அவள் போனாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். அடுத்து வந்திருந்தவர்கள் கதவை எட்டிப் பார்த்தார்கள்.

"பாப்பாவ இன்னும் காணலியேக்கா," என்றாள் ஜெபமணி.

அந்தச் சொல் தானாகவே கோமதியின் நாக்குக்கு வந்தது. பட்டை இன்னும் அவள் வயிற்றில் இருந்தது. திரையில் அவளுடைய கோடு, அரை நொடி முன்னதாக, மேலே எழும்பியது.

அவள் அதைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மகளைத் தேடிக்கொண்டு கீழே இறங்கினாள்.