ஊமைக்குள் ஒரு சத்தம்

டிரம்பெட்டின் வாயிலிருந்து அடைப்பானைப் பிடுங்கி, வழக்கம்போல் உள்ளங்கையில் தட்டினான். உள்ளே தேங்கிய மூச்சின் ஈரம் சொட்டாக விழும். இன்று ஈரத்தோடு 'டிக்' என்று ஒரு சத்தமும் விழுந்தது.

அந்த அடைப்பானுக்கு வீட்டில் ஊமை என்று பெயர். சத்தத்தை விழுங்கும் அலுமினியக் குப்பி, கழுத்தைச் சுற்றித் தக்கை. பெயர் வைத்தவள் மனைவி. ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "பாப்பா முழிச்சா நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு. ஊமைய மாட்டிட்டு ஊதுங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கைக்குழந்தைக்கோ கோழித் தூக்கம். ஊமையை விட்டால் வேறு வழியில்லை.

சுவரைப் பார்த்தான். கடிகார முள் நகர்ந்தது; சத்தம் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான், ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

மறுபடி மாட்டினான். ஊமை போட்டால் காற்று எதிர்த்து நிற்கும், உதடு கெஞ்சும். இன்று எதிர்க்கவில்லை. உள்ளே யாரோ வாய் வைத்து உறிஞ்சுவதுபோல் மூச்சு தானாகப் போனது. நனைந்த பித்தளையின் நாற்றம் மூக்கில் ஏற, ஜன்னல் கம்பிகளை விட்டுச் சாயங்கால வெளிச்சம் இறங்க இறங்க, சமையலறைக் குழாயின் சொட்டும் தெருவின் இரைச்சலும் தலைக்குமேல் மின்விசிறியின் கிறீச்சும் ஒவ்வொன்றாகத் தேய்ந்தபோதும், வாசிப்பில் லயித்துவிட்டோம் என்றே எண்ணி ஊதினான்.

நிறுத்தினான்.

மின்விசிறி சுற்றியது. சத்தமில்லாமல்.

குழாய் சொட்டியது. சத்தமில்லாமல்.

காது அடைத்துவிட்டதோ என்று செருமிப் பார்த்தான். கேட்டது.

ஊமையைத் தட்டினான். ஒரு சொட்டு. ஒரு கிறீச். எங்கோ ஒரு ஹாரன்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். கதவு திறந்தது அவனுக்குக் கேட்கவே இல்லை.

"பரவாயில்லையே. பாப்பா அழவே இல்லையா?"

"இல்ல" என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது. மதியத்திலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

உள்ளறைக்கு ஓடினார்கள்.

தொட்டிலில் குழந்தை விழித்திருந்தது. முகம் கன்றிச் சிவந்திருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. வாய் முழுக்கத் திறந்து, நெஞ்சு குலுங்கக் குலுங்க.

சத்தமில்லை.

கையிலிருந்த ஊமையைக் கவிழ்த்துத் தட்டினான். ஓங்கித் தட்டினான். ஈரம் மட்டும் விழுந்தது. காதில் வைத்தான்.

வெகு ஆழத்தில் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ 'ச்சு... ச்சு...' என்று அவளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊமைக்குள் அழுகை மெல்ல அடங்கியது.

தொட்டிலில் வாய் மூடவில்லை.