அந்தரத்தில் நின்ற பானை

மாளவிகா ஒரு பொருளை லேசில் தேர்ந்தெடுத்துவிட மாட்டாள். பேனா வாங்கப் போனால் கடையில் இருக்கிற அத்தனை பேனாவாலும் தன் பெயரை எழுதிப் பார்ப்பாள். செருப்பு வாங்கப் போனால் கடைக்குள்ளேயே ஓடிப் பார்ப்பாள். அவளோடு கடைக்குப் போய் வருவதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்படிப்பட்டவளிடம்தான் கமலாக்ஷி டீச்சர் ஓர் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுத்தார்.

அது விறகு வைத்து எரிக்கிற அடுப்பு. நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டும் போக வேண்டும். மட்டாஞ்சேரியில் அவர்கள் பள்ளியின் கைடு எனப்படும் சாரணியர் அணிக்கு மாளவிகா தலைவி. ஆலுவாவில் ஆற்றங்கரையை ஒட்டிய மைதானத்தில் முகாம் நடக்கப்போகிறது. அங்கே ஒவ்வோர் அணியும் தன் சாப்பாட்டை வெட்டவெளியில் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். குழி தோண்டக் கூடாது, தரையில் கல் வைத்துத் தீ மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பும் கூடாது. அணிக்கு இரண்டு பேர் சமைக்கலாம். சமையல் நன்றாக இருந்தால் அந்த இருவருக்கும் பேட்ஜ் உண்டு.

யார் யாருக்கு என்ன வேலை என்று டீச்சர் சொன்னார். சமையல் மாளவிகாவுக்கும் இசக்கிசெல்விக்கும். சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை சுபாஷிணிக்கு. ஒரு விபத்துக்குப் பிறகு சுபாஷிணியின் வலது முழங்கால் மடங்காது. நடப்பாள், படி ஏறுவாள், ஆனால் குந்தி உட்கார முடியாது. தரையில் இருக்கிற அடுப்போடு அவள் கஷ்டப்படக் கூடாது என்று டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சுபாஷிணியும் தலையாட்டிவிட்டாள். அரிசி, பருப்பு, அணியின் பெரிய அலுமினியப் பானை எல்லாம் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய்விட்டன.

மாளவிகாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சுபாஷிணி செய்கிற மொளகூட்டலைச் சாப்பிட்டவள் அவள். பருப்பும் கீரையும் தேங்காயும் சேர்ந்த கூட்டுத்தான், எல்லார் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் சுபாஷிணி அடுப்பு மேடை முன்னால் நின்று, கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றி, முகர்ந்து பார்த்தே உப்புப் போதாது என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு கைமணம். மாளவிகாவும் ஒருமுறை ரசம் வைத்தாள். அதை அவள் அப்பா மருந்தைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவள் அரிசிப் பைக்குக் காவல் இருப்பதா? மாளவிகா நேராக டீச்சரிடம் போய்க் கேட்டாள். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். சுபாஷிணி சிரமப்படாமல் சமைக்கிற மாதிரி ஓர் அடுப்பு கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொன்னது சொன்னதுதான் என்றார்.

சனிக்கிழமை காலையிலேயே மாளவிகா இசக்கிசெல்வியையும் இழுத்துக்கொண்டு பஜார் ரோட்டுக்குக் கிளம்பினாள். மிளகும் சுக்கும் மணக்கிற கிடங்குகளைத் தாண்டினால் யூசுப் இக்காவின் பாத்திரக்கடை. இக்கா என்றால் அண்ணன். யூசுப் இக்கா நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு தொல்லை, எந்தப் பொருளைத் தொட்டாலும் அதுதான் கடையிலேயே உசத்தி என்பார். ஆகையால் அவரைக் கேட்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் ஒரு மடக்கு அடுப்பை எடுத்தார்கள். பளபளவென்று எவர்சில்வர். மடித்தால் புத்தகப் பைக்குள் அடங்கிவிடும்.

"ஒன்னாந்தரம் சாதனம், மோளே," என்றார் யூசுப் இக்கா.

இசக்கிசெல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இதுல ஒரு முட்டை அவிக்கலாம். அதுவும் சின்ன முட்டையா இருக்கணும்," என்றாள்.

அடுத்தது ஓர் உயரமான அடுப்பு. தடித்த தகரத்தில் குழாயைப் போல நின்றது. அடியில் பக்கவாட்டில் ஒரு வாய், அதில் விறகைச் செருக வேண்டும். கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் யூசுப் இக்கா ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையும் சுள்ளியும் போட்டு அதைப் பற்றவைத்துக் காட்டினார். தீ ஹோவென்று மேலே எழுந்தது. புகையே இல்லை. மாளவிகா சொக்கிப்போனாள்.

அதைவிட அவளுக்குப் பிடித்தது அதன் உயரம். இதன் முன்னால் சுபாஷிணி நின்றுகொண்டே சமைக்கலாம். குனியவும் வேண்டாம், குந்தவும் வேண்டாம். இதுதான், இதேதான் என்று முடிவு செய்துவிட்டாள். கனம்தான் கொஞ்சம் அதிகம். ஆலுவா போய்ச் சேருவதற்குள் தன் தோள்பட்டை தனியாக வந்துவிடும் என்று இசக்கிசெல்வி முணுமுணுத்தாள். மாளவிகா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுபாஷிணியின் முகம் மலர்வதை உடனே பார்க்க வேண்டும் அவளுக்கு. யூசுப் இக்காவின் போனை வாங்கி, உனக்கு அடுப்புக் கிடைத்துவிட்டது, உடனே வா என்று கூப்பிட்டாள்.

சுபாஷிணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் அணியின் அலுமினியப் பானை, பானைக்குள் ஒரு நீளக் கரண்டி. அடுப்பைப் பார்க்கப் பானை எதற்கு என்று மாளவிகாவுக்குப் புரியவில்லை.

"வெறும் அடுப்பிலயா சமைக்கப் போறோம்?" என்று கேட்டாள் சுபாஷிணி.

ஆறிப்போயிருந்த உயர அடுப்பின் மேல் பானையை வைத்தார்கள். பானையின் வாய் சுபாஷிணியின் மோவாய்க்கு வந்தது. அவள் ஒற்றைக் காலில் எம்பிப் பார்த்தாள். உள்ளே எதுவும் தெரியவில்லை. கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கித்தான் பானைக்குள் விட முடிந்தது. இசக்கிசெல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுபாஷிணியும் சிரித்தாள்.

மாளவிகா சிரிக்கவில்லை.

"நோக்கு நின்னுண்டே பண்ண முடியும்னுதான் நான் இதை எடுத்தேன்," என்றாள்.

சுபாஷிணியின் சிரிப்பு நின்றது. பானையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அது சேரி. ஆனா நிக்கப்போறது நான் ஆக்கும். என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாளு."

மாளவிகாவின் முகம் சிவந்துவிட்டது. பேனாவுக்கும் செருப்புக்கும் அவ்வளவு மெனக்கெடுகிறவள், சமைக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் உன் நன்மைக்காகத்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டாள். அப்படி விழுங்குவது சுலபமில்லை. பெரியவர்களுக்கே வராது.

"இப்போ கேக்கறேன். வீட்டுல கிண்டற மாதிரி இங்க கிண்டிக் காட்டு," என்றாள்.

சுபாஷிணி நன்றாக நிமிர்ந்து நின்றுகொண்டாள். கரண்டியைப் பிடித்துக் காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். இடுப்புக்குச் சற்று மேலே, கை வலிக்காத உயரம் அது. மாளவிகா அந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு வேலை செய்தாள். இசக்கிசெல்வியையும் யூசுப் இக்காவையும் கூப்பிட்டு, பானையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கச் சொன்னாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று சொல்லிச் சொல்லி, சுபாஷிணியின் கரண்டி சரியாகப் பானைக்குள் சுற்றுகிற இடத்தில் நிறுத்தினாள்.

பானை அந்தரத்தில் நின்றது. இனி அதன் அடியில் நுழைகிற அடுப்பைத் தேட வேண்டியதுதான்.

எவ்வளவு நேரான யோசனை பாருங்கள். இத்தனை வருஷம் அடுப்பு விற்ற யூசுப் இக்காவே வாயைப் பிளந்தார். அடுப்பை வாங்கிவிட்டு ஆளை அதற்கேற்ப வளைக்கிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஆள், அப்புறம் பானை, கடைசியில் அடுப்பு என்று இறங்கி வருகிறவளை இன்றைக்குத்தான் பார்த்தார்.

மாளவிகா கடைக்குள் ஓடினாள். அங்கே நிறைய அடுப்புகள் இருந்தன. மடக்கு அடுப்பை வைத்தால் பானைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கலாம். இன்னொன்று நுழையவே இல்லை. வேறொன்று உயரம் சரி, ஆனால் தொட்டால் ஆடியது.

"வேகம் பாரு, மோளே. என் கை இப்போ கழண்டு விழும்," என்றார் யூசுப் இக்கா.

வாசல் பக்கத்தில் மூன்று கால்களோடு ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. வர்ணம் இல்லை, பளபளப்பு இல்லை. முழங்காலுக்குச் சற்று மேலே வரும் உயரம். வாய் அகலமாக இருந்தது. காலையில் இருந்து இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். மாளவிகா அதை இழுத்துக்கொண்டு வந்து பானைக்கு அடியில் தள்ளினாள். யூசுப் இக்காவும் இசக்கிசெல்வியும் கையை எடுத்தார்கள். பானை இம்மிகூட இறங்கவில்லை. மாளவிகா அதை உலுக்கிப் பார்த்தாள். அசையவும் இல்லை.

சுபாஷிணி கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. ஆனால் அடுப்பின் வாயைப் பார்த்ததும் மறுபடி வாடிப்போயிற்று.

"விறகைக் கீழேருந்துதானே தள்ளணும். என்னால குந்த முடியாதே," என்றாள்.

மாளவிகா சட்டென்று அடுப்பின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"விறகு என் பாடு. நீ மேலே பாத்துக்கோ, நான் கீழே பாத்துக்கறேன்."

அப்படியானால் இசக்கிசெல்வி? சமையல் வேலை அவளுக்கல்லவா கொடுத்திருந்தார்கள்? இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கிசெல்வி கையை உதறிவிட்டுக்கொண்டாள்.

"என்னை எதுக்குட்டி பாக்கிய? சாமான் காவலுக்கு நான் இருக்கேன். அப்பளக் கட்டு பக்கத்துலயே இருக்கலாம்லா," என்றாள்.

பேட்ஜ் போகிறதே என்று அவள் ஒரு நிமிஷம்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தின் ஓரத்தில் கமலாக்ஷி டீச்சருக்குக் கஞ்சி காய்ச்சிக் காட்டினார்கள். அடுப்பையும் ஆளையும் டீச்சர் நன்றாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு கஞ்சியைக் குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே வேலைகளை மாற்றி அறிவித்தார்.

ஆலுவா முகாமில் அன்று நல்ல காற்று. மைதானம் முழுக்க அணி அணியாகப் புகை கிளம்பியது. சில அணிகளில் தலைவிகள் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்கள். மட்டாஞ்சேரி அணியின் அடுப்பில் மொளகூட்டல் கொதித்தது. அந்த வாசனைக்குப் பக்கத்து அணியின் பெண்கள் இரண்டு தடவை தண்ணீர் கேட்கிற சாக்கில் வந்துவிட்டுப் போனார்கள். சுபாஷிணி நிமிர்ந்து நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை, கண்ணில் அப்படி ஒரு தெளிவு. கச்சேரிக்கு நடுவில் இருக்கிற பாட்டுக்காரியைக் கூப்பிடத் தயங்குவது போல அவளைக் கூப்பிடவே எல்லாரும் தயங்கினார்கள்.

பேட்ஜுக்கு மதிப்பெண் போடுகிற அம்மா அங்கே வந்தார். ஒரு கரண்டி வாங்கி ருசித்தார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி கரண்டியை நீட்டினார். பிறகு இந்த அணிக்குத் தலைவி யார், ஆளைக் காணவில்லையே என்று கேட்டார்.

சுபாஷிணி பானையில் இருந்து கண்ணை எடுக்காமல் கரண்டியால் கீழே காட்டினாள்.

அங்கே, மூக்கில் சாம்பலும் முடியில் சருகுமாக, மாளவிகா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தீயைக் கொஞ்சம் குறைக்கும்படி சமையல்காரி சொல்லியிருந்தாள்.