திரும்பும் பக்கத்தில் கோடு இல்லை

நூற்றுப் பதினேழாவது மரத்தைத் தாண்டியதும் பாதை இடப்பக்கம் திரும்ப வேண்டும். புஷ்பவல்லி அனுப்பிய படத்தில் வலப்பக்கத்து மரத்திலும் ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

அமுதவள்ளி படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலம், கண் உயரம். சுங்கை பூலோவில் தொடங்கிக் கிள்ளான் பக்கம் முடியும் முப்பது கிலோமீட்டர் நடைபாதையை அவளுடைய நடைபயணச் சங்கம் ஏழு வருடமாக வெட்டிச் சீராக்கியிருந்தது. அந்தப் பாதை முழுக்க மரங்களில் வழி காட்டும் அதே கோடு. அதே மஞ்சள். ஆனால் இந்தக் கோட்டை யாரும் போடச் சொல்லவில்லை.

படத்தோடு புஷ்பவல்லியின் குரலும் வந்திருந்தது. ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி, புதன்கிழமைதோறும் பாதையைச் சரிபார்த்துவிட்டு வருபவர்.

"அமுதா, வழிய மாத்திட்டீங்களா? சனிக்கிழம ஓப்பனிங் வச்சிக்கிட்டு இப்பப் போயி மாத்துனா எப்படி லா? நானும் கொஞ்ச தூரம் போயிப் பாத்தேன். பதினோரு மரம் வரைக்கும் போனேன், கோடு இன்னும் போவுது. அதுக்கு மேல எனக்கு என்னமோ புடிக்கல. திரும்பிட்டேன்."

அமுதவள்ளியின் மனத்தில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ரேமண்ட்.

பாரங்கத்தியோடு அந்தக் காட்டுக்குள் முதலில் நுழைந்தவர் அவர்தான். கோடு போடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. போன மாதப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அவளை எதிர்த்து நின்று நான்கு ஓட்டில் தோற்றார். சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார். அந்தச் சிரிப்பை அவள் அன்றே நம்பவில்லை. சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு அறுபது பேர் வருகிறார்கள். அவர்களில் பத்துப் பேர் வழி தவறினால் போதும், அவள் பேர் அன்றோடு கெட்டுவிடும்.

சங்கத்தின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் இருந்தது. படி ஏறும்போது மல்லிகை வாசமும் பக்கத்துக் கடை வடையின் எண்ணெய் வாசமும் கூடவே ஏறி வந்தன. ரேமண்ட் மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

"நூத்திப் பதினேழுல புதுசா கோடு போட்டது யாரு?" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நானும் அதத்தான் ஒன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

"ஸ்டோர் சாவி நம்ம ரெண்டு பேருகிட்டதான் இருக்கு."

"ஆமா. ரெண்டு பேருகிட்ட." இப்போது அவளைப் பார்த்தார். "அமுதா, அந்தப் பக்கம் வழி வேணாம்னு மொதல்ல சொன்னதே நான்தான்."

"ஏன்னு நீங்க சொல்லவே இல்லயே."

"சொல்ற மாதிரி அங்க ஒன்னும் பாக்கல. சத்தமே இல்ல அங்க. அவ்ளோதான்."

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள். அவர் கிளம்பிப் போனதும் ஸ்டோரைத் திறந்து பார்த்தாள். மஞ்சள் பெயிண்ட் டின் இரண்டும் மூடி உடையாமல், கனமாக, வைத்த இடத்திலேயே இருந்தன. அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பெயிண்ட் எந்தக் கடையில்தான் கிடைக்காது?

வெள்ளிக்கிழமை பிற்பகல் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தனியாகவே காரில் கிளம்பினாள். பொய்க் கோடுகளையெல்லாம் சுரண்டிவிட்டு, மழைக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் ரேமண்டின் பச்சை நிறக் கன்சில் கார் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. வெகு நேரமாக உள்ளே இருக்கிறார்.

அவளுக்குப் பயமாக இல்லை. மகிழ்ச்சியாகவே இருந்தது. கையும் களவுமாகப் பிடித்து, வீடியோவும் எடுத்துவிடலாம். கூப்பிடாமல், சருகு நொறுங்காத ஈரத்தில் காலை வைத்து நடந்தாள். நூற்றுப் பதினேழாவது மரத்தில் வலப்பக்கம் திரும்பினாள். கைவிடப்பட்ட ரப்பர் மரங்கள், பழைய வெட்டுத் தழும்புகளோடு, வரிசை கலையாமல் காட்டுக்குள் மூழ்கி நின்றன. அழுகிய இலையின் புளிப்பு வாசம். அதற்குள் புதுப் பெயிண்டின் காட்டமான நெடி. நெடுஞ்சாலையின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் மெல்லமெல்லத் தேய்ந்துகொண்டே வந்தது.

பதினோராவது மரத்தில் நின்றாள். இதற்கு மேல் புஷ்பவல்லி போகவில்லை. சில்வண்டுகள் ஓய்ந்திருந்தன. கோடு இப்போது அவள் மார்பு உயரத்தில் இருந்தது.

வந்த வழி நினைவிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. மரங்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ரேமண்ட் ஒருபோதும் அப்படிப் பூச மாட்டார். போகிறவனுக்கு ஒரு கோடு, திரும்புகிறவனுக்கு ஒரு கோடு. இரண்டு பக்கமும் பூசாமல் அடுத்த மரத்துக்கு நகராதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். ஏமாற்ற நினைத்துப் பூசினாலும் அவர் கை தானாகவே மறுபக்கம் போயிருக்கும்.

அப்படியென்றால் இது அவர் கை இல்லை.

ஈரமண்ணில் அவருடைய பூட்ஸ் தடம் இருந்தது. ஒரே ஆளின் தடம். உள்ளே போகும் தடம் மட்டும். அவரும் யாரையோ பிடிக்கத்தான் வந்திருக்கிறார். யாரை? என்னையா?

அடுத்த கோடு இடுப்பு உயரத்தில். அதற்கடுத்தது முழங்கால் உயரத்தில். செடிகளை விலக்கி, குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பெயிண்டைத் தொட்டாள். விரலில் ஒட்டியது. மேகம் இறங்கி மரங்களுக்கிடையே வெளிச்சம் சாம்பலானது. திரும்பிவிடு என்று மனம் சொன்னது. இன்னும் ஒன்று பார்த்துவிட்டு என்று கண் சொன்னது.

கணுக்கால் உயரம்.

வேர்.

கைப்பேசியில் ரேமண்டை அழைத்தாள்.

மணி ஒலித்தது. அருகில்தான். ஆனால் முன்னாலிருந்து அல்ல, பின்னாலிருந்தும் அல்ல. கீழே. மண்ணுக்குள். அவள் உள்ளங்கைக்கு அடியில் அந்த அதிர்வு ஊர்ந்தது.

உள்ளங்கை.

அப்போதுதான் தன்னைக் கவனித்தாள். அவள் நின்றுகொண்டிருக்கவில்லை. இரண்டு முழங்காலும் ஒரு கையும் சேற்றில் ஊன்றியிருந்தன. கால்சட்டை தொடை வரை ஊறியிருந்தது. முழங்காலில் தோல் கிழிந்து எரிந்தது. எத்தனை மரங்களாக இப்படி வந்தாள்? தெரியவில்லை.

மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ரேமண்ட்?"

கைப்பேசியில் மூச்சில்லை. மண் உதிரும் சத்தம். மிக மெதுவாக.

பின்னால் பார்த்தாள். கோடில்லாத மரங்கள். எல்லாம் ஒரே மாதிரி. எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை.

முன்னால், இரண்டு வேர்களுக்கு நடுவே, மண் வாய் திறந்திருந்தது. ஒரு ஆள் தவழ்ந்து நுழையும் அளவு. அதன் விளிம்பில் ஒரு கை கவிழ்ந்து கிடந்தது. எஃகுப் பட்டைக் கடிகாரம். ரேமண்டின் கை. விரல்கள் மண்ணைப் பற்றியபடி விறைத்திருந்தன. புறங்கையில், நான்கு விரல் அகலத்துக்கு, மஞ்சள் கோடு.

எழ முயன்றாள். முழங்கால் சேற்றில் இன்னும் புதைந்தது.

குழிக்குள் ஏதோ நகர்ந்தது. ரேமண்டின் கைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. நகமில்லாத, வெளுத்த, நீளமான கை. மஞ்சள் சொட்டும் விரல்கள். அவசரமே இல்லாமல் அது சேற்றைத் தடவித் தடவி வந்தது. ஊன்றியிருந்த அவள் கையைக் கண்டுபிடித்தது. ஈரமான விரல்களால் புறங்கையில் ஒரு கோட்டை நேராக இழுத்தது. பிறகு தன் வேலை சரிதானா என்று பார்ப்பதுபோல் சற்று நேரம் அங்கேயே தங்கியது.