மணிக்கோபுரத்துத் தையல்காரர்

“அந்த வாளியை இனிமே நீயே கழுவு! உனக்குச் சமைச்சுப் போட வந்தேனா, கோபுரத்துல குடியிருக்கிறவங்களுக்கு ஆயா வேலை பார்க்க வந்தேனா?”

“அக்கா, மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.”

“நல்லாக் கேக்கட்டும்!”

பிரசங்கத்தில் சிங்கமாக நிற்கும் எங்கள் பங்குச் சாமியார், அக்கா வாயைத் திறந்தால் நனைந்த கோழி. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். பட்டாளம் வீடு வீடாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த இனத்துத் தையல்காரரையும், மனைவியையும், பால்குடி மறவாத பிள்ளையையும் மணிக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தார். மணிக்கயிறு இற்றுவிட்டது என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. நாங்களும் நம்பியதாக நடித்தோம். ஆளுக்கு ஒரு உயிர்தானே.

மதியம் கேப்டன் வந்தான். சண்டையில் ஜெயித்ததற்கு மணியடிக்கணுமாம். கயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

“நல்லாத்தானே இருக்கு சாமி. அடிக்கிறீங்களா, ஆளை மேலே ஏத்திப் பார்க்கவா?”

சாமியார் இழுத்தார். கண்ணாடிகள் அதிர, புறாக்கள் படபடத்துக் கலைய, மெழுகும் ஈரச்சுவரும் கலந்த வாடையோடு தூசி அவர் தலையில் உதிர, அந்தக் கணீர் ஓசையின் அடியில் பிள்ளை வீறிட்டது அவருக்கு மட்டும் கேட்டது. அவசரமாக மறுபடி இழுத்தார்.

இந்த முறை கணீரென்று வரவில்லை. மெத்தையில் உலக்கை விழுந்த மாதிரி, பொத்.

“என்ன, மணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

“பழைய மணிங்க.”

கயிறு சொல்லிவிட்டது. மணியின் நாக்குக்கும் விளிம்புக்கும் நடுவில் ஓர் ஆள். பிள்ளையின் காதுக்காக. நிறுத்தினால் மேலே ஏறுவார்கள். இழுத்தார். பொத். உள்ளங்கை வழுக்கியது. பொத். ஏதோ முறிந்தது. விரலுக்குத் தெரிந்தது. பொத்.

“போதும் சாமி.”

கை நிற்கவில்லை.

பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டியது. கை நிற்கவில்லை. பட்டாளத்து வண்டி கிளம்பியது. நிற்கவில்லை. அக்கா வந்து கன்னத்தில் அறைந்த பிறகுதான் கயிறு ஓய்ந்தது.

மேலே தையல்காரர் நின்றபடியே இருந்தார். நாக்கை மார்போடு தழுவி, முகம் மணிக்குள். கைகளைப் பிரிக்க முடியவில்லை. மூலையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

சண்டை ஓய்ந்ததும் தையல்காரரின் மனைவி ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள், சாமியாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். சாமியார் தூரத்துப் பங்கு ஒன்றுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கிருந்து வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்: பூசையில் அப்பத்தை உயர்த்திய கைகள் இறங்கும்போதெல்லாம் கூரைக்கு மேல் பொத்தென்று கேட்கிறதாம்.

அந்தக் கோயிலில் மணியே கிடையாது.