மண்டபத்தில் காணாமல் போன கம்பளம்

ஆர்வோ இரண்டாவது கோப்பைக் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹில்க்கா உள்ளே வந்தாள். காலணியைக் கழற்ற மறந்திருந்தாள். விஷயம் பெரிது என்று யோர்மாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. டாக்சி ஓட்டுகிற யோர்மாவுக்குத் துப்பறிவதில் தீராத ஆசை. சுங்க இலாகாவில் காலம் கழித்து ஓய்வுபெற்ற ஆர்வோவுக்குக் காப்பியில்.

"பரிசைக் காணோம்" என்றாள் ஹில்க்கா.

பின்லாந்து–ஜார்ஜியா நட்புச் சங்கத்தை ஊரில் நடத்திக்கொண்டிருப்பவள் அவள்தான். மலைநாட்டிலிருந்து வந்த பாடகர் குழு ஒரு வாரமாக விருந்தாளியாக இருந்தது. குழுத்தலைவி மக்வாலாவின் அம்மா நெய்த கம்பளம் இன்று மதியம் மேயர் கைக்குப் போக வேண்டும்.

"நேத்து ராத்திரி மண்டபத்துல அதை விரிச்சு எல்லாரும் உக்காந்து பாடினோம். ரெண்டு ஊர்க்காரங்களும் உக்காராத கம்பளத்தைக் கொடுக்க மாட்டாங்களாம் அவங்க வீட்டுல. காலைல போனா வெறும் தரை."

"சாவி யார்கிட்ட?" என்றார் ஆர்வோ.

"என்கிட்ட, ஒலவிகிட்ட, சமையல் பாக்கற ராய்லிகிட்ட. ரெண்டு பேரும் தேடிட்டுத்தான் இருக்காங்க. கம்பளம்னு சொல்லல, மேயருக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிடும். விருந்தாளிங்க கொண்டுவந்த பரிசைக் காணோம்னு மட்டும் சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "இன்னிக்கு சாயங்காலம் ஓட்டெடுப்பு. ரெண்டு ஊரும் மாறி மாறி விருந்தாளியா போய்வர்ற இந்தப் பரிமாற்றம் தொடரணுமா வேண்டாமான்னு. ஒலவி வேண்டாங்கறான். இது கிடைக்கலன்னா நானே வேண்டாம்னுதான் கையைத் தூக்கணும். அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"ஒலவிதான்" என்றான் யோர்மா, காரில் ஏறியதும். "அவன்கிட்ட வேன் இருக்கு."

"உன்கிட்டயும்தான் டாக்சி இருக்கு" என்றார் ஆர்வோ.

இரண்டு வாரம் சகதியும் மழையுமாக இருந்த ஊர் நேற்றிரவுதான் உறைந்திருந்தது. விடிந்ததிலிருந்து உப்புத்தூள் மாதிரி பனி கொட்டிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் தடம் எதுவும் மிஞ்சவில்லை.

உள்ளே ஆர்வோ நிதானமாகச் சுற்றினார். நாற்காலிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. தரை கூட்டியிருந்தது. கம்பளத்தைச் சுருட்டிக் கட்டி வந்த கயிறு ஜன்னல் திண்டில் கிடந்தது. பின்கதவருகே ஓர் ஆணி. அதைச் சுற்றிச் சுவர் வெளுத்திருந்தது, ஏதோ நெடுநாள் தொங்கிய தடம்.

பொருளாளர் ஒலவி மேடைக்கு அடியிலிருந்து தூசியோடு வெளியே வந்தான்.

"என்னைத்தானே சந்தேகப்படற, யோர்மா? கூரை ஒழுகுது, அதைச் சரி பண்ணாம விருந்து எதுக்குன்னு கேட்டேன். அதுக்காகத் திருடுவேனா?"

"ஓட்டு உன் பக்கம் விழும்ல?"

"போய் உன் டாக்சியத் துடை."

சமையலறையில் ராய்லி ஏலக்காய் ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அலமாரிகளைக் குடைந்துகொண்டிருந்தாள். மூவரில் அதிக வேகமாகத் தேடியவள் அவள்தான்.

"எவ்வளவு பெருசு இருக்கும்னு தேடற, ராய்லி?" என்றார் ஆர்வோ.

"பெட்டிதானே? இவ்வளவு இருக்குமா?" கையால் ஒரு ஷூ டப்பா அளவு காட்டினாள்.

ஆர்வோ எல்லோரையும் சமையலறையிலேயே உட்காரச் சொன்னார்.

"திருடன் கம்பளத்தை எடுத்தா கயிறையும் எடுப்பான், சுருட்டிக் கட்டாம அவ்வளவு கனத்தைத் தூக்க முடியாது. கயிறு இங்கேயே இருக்கு, அப்ப தூரமா போகல. திருடன் தரையைக் கூட்ட மாட்டான். ஆணியில தொங்கின ஏதோ ஒண்ணு இல்ல. கம்பளம் இருக்கற அறை, பக்கத்துல ஆணி. அதுல என்ன தொங்கும்?"

"கம்பளத்தைத் தூசி தட்டற பிரம்பு" என்றான் ஒலவி.

"ரெண்டு வாரச் சகதிக்கு அப்புறம் முதல் உறைபனி. தூள் பனி. அதுல கம்பளத்தைப் போட்டு அடிச்சா அழுக்கெல்லாம் பனியோட போயிடும். இந்த ஊர்ல இந்தக் காலைல, நேத்து நாப்பது பேர் மிதிச்ச கம்பளத்தைப் பாத்தா எவளுக்குக் கை சும்மா இருக்கும்?"

ராய்லியின் கை வாயருகே போனது. "அந்தப் பழங்கம்பளமா பரிசு?"

"எங்க வச்சே?"

"விறகுக்கொட்டகைக்குப் பின்னால, கம்பளம் தொங்கவிடற மரச்சட்டத்துல போட்டிருக்கேன். சூடா இருக்கறப்பவே பனியில போட்டா பனி உருகி நனைச்சிடுமே. ஆறட்டும்னு விட்டேன். அதுக்குள்ள இவ வந்து, பரிசக் காணோம், தேடு தேடுன்னா. அந்த அவசரத்துல மறந்தே போச்சு."

ஹில்க்கா ஏற்கெனவே பின்வாசலில் இருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் சட்டத்தின் மேல் கம்பளம் பனி போர்த்திக் கிடந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டிருக்கும்போதே விருந்தாளிகளின் பேருந்து வந்து நின்றது.

மக்வாலா இறங்கி நேராக அங்கே வந்தாள். அம்மாவின் கம்பளத்தையும் பின்னாலேயே வந்து ராய்லி கையில் எடுத்திருந்த பிரம்பையும் பார்த்தாள். அவள் ஏதோ கோபமாகச் சொன்னாள்.

மொழிபெயர்க்க வந்த பெண் தயங்கினாள். "இன்னும் ஏன் தொங்குதுன்னு கேக்கறாங்க. பூ வேலைப் பக்கம் கீழ இருக்கற மாதிரி பனியில போடணுமாம். அம்மா அப்படித்தான் செய்வாங்களாம்."

"முதல்ல பின்பக்கம்" என்றாள் ராய்லி. "யார்கிட்ட சொல்றா?"

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, புரியாத மொழிகளில் கையை ஆட்டிச் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் அடிப்பதென்று முடிவானது. பாடகர்கள் அடிக்குத் தாளமாகப் பாட ஆரம்பித்தார்கள். தூக்கிப் பார்த்தால் பனியில் கன்னங்கரேலென்று ஒரு கட்டம். பாட்டிமார்களின் தூசி என்று மக்வாலா பெருமையாகச் சொன்னாள்.

மேயர் வந்தபோது வரவேற்க ஆளில்லை. அவரும் பின்பக்கம் வந்து கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தார்.

"இந்தப் பனி அழுக்காயிடுச்சு" என்று ஒலவி முணுமுணுத்துவிட்டு, மண்வாரியால் புதுப் பனியை அள்ளிப் பரப்பினான். பிறகு ஹில்க்காவைப் பார்க்காமலே கேட்டான்: "அடுத்த வருஷம் நாம அங்க போறப்ப, அவங்க மலையில எந்த மாசம் பனி நல்லா விழும்னு கேளு."