தள்ளி உக்காருங்க

யாரும் கேட்காதபோது அந்தப் பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆஷ்லின் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேசைக்குக் கீழே இருந்த சி.பி.யூ.வின் முகப்பில் மிளகளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. அவள் எதையாவது கேட்டால்தான் அது துடிக்கும். இப்போது அவள் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் துடித்தது. தகரத்தில் புளியங்கொட்டையை உருட்டுவதுபோல உள்ளே ஒரு சத்தம் எழுந்து அடங்கி, மூச்சு வாங்கிக்கொண்டதுபோல மறுபடியும் எழுந்தது.

அந்த வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. சிவகாசி பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் சர்வர் புரோகிராமை இறக்கி, சி.டி.யில் பதிந்து கொண்டுவந்து, இந்தக் கம்ப்யூட்டரிலேயே போட்டிருந்தாள். கடையை ஊருக்குத் திறக்குமுன் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை விரித்துப் பார்ப்பது மாதிரிதான் அது. லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அவள் கட்டிய பக்கம் திரையில் வரும். கேட்பதும் இதே பெட்டி, கொடுப்பதும் இதே பெட்டி. வெளியாள் எட்டிப் பார்க்க ஒரு சன்னல்கூட இல்லாத அறை. படிப்பு முடித்து அவள் செய்யும் முதல் வெப்சைட் என்பதால், யாருக்கும் தெரியாமல் தப்புச் செய்து திருத்திக்கொள்ள முடிகிற அந்த அந்தரங்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

வெப்சைட், எம். புதுப்பட்டிப் பக்கமிருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு. பக்கத்தின் தலைப்பில் 'வாங்க, வாங்க' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே ஒரு படம். வெள்ளையடித்த ரூமில், கறுப்பு ரப்பர் விரிப்பில், நான்கு பெண்கள் உட்கார்ந்து புஸ்வாணக் கூட்டுக்கு மருந்து அடைக்கிறார்கள். விரலெல்லாம் மருந்துப்பொடியின் வெள்ளி மின்ன, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

காலையில் அந்தப் படத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்.

ஐந்தாவது ஆளைச் சுவரின் வெள்ளையை எடுத்துப் பூசிப் பூசி அழித்தவள் ஆஷ்லின்தான். அழித்ததை அதே பெயரில் சேமித்தும்விட்டாள். படம் பிடித்த கேமராவைத் துடைத்துச் சுத்தமாக்கி, இரவல் கொடுத்த ஸ்டூடியோவில் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி அந்த ஐந்தாவது ஆள், ராமுத்தாய், எந்தப் படத்திலும் இல்லை.

முந்தாநாள் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் ஆஷ்லினின் நீலச் செருப்பு வார் அறுந்தது. வெயிலில் கொதித்துக்கிடந்த செம்மண்ணில் ஒற்றைக்காலில் நொண்டியவளைப் பார்த்து, காகிதக் குழாய்க் கூடையோடு எதிரே வந்த ராமுத்தாய் சிரித்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி முன்னால் தள்ளினாள். பழுப்புநிற ரப்பர் செருப்பு. வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"போட்டுக்கோங்க தாயி. ரூமுக்குள்ள எங்களுக்கு வெறுங்காலுதான். போறப்ப வாசல்ல விட்டுட்டுப் போங்க."

"உங்களுக்குச் சுடாதாக்கா?"

"எங்க காலு மாட்டுக் குளம்புல்ல!"

தன் நீலச் செருப்பு இரண்டையும் ஆஷ்லின் வேலிக்கு வெளியே எறிந்தாள். அந்த ஊக்குச் செருப்போடு ரூம் வாசலுக்கு வெளியே நின்றுதான் கேமராவைப் பிடித்தாள். ஒரு ரூமில் நாலு பேர்தான் உட்காரலாம் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தது. ஆனால் படத்தில் ஒரு மூலை வெறிச்சென்று இருந்தது. அவள்தான் கூப்பிட்டாள். "அக்கா, நீங்களும் வந்து உக்காருங்க. ஒரே ஒரு படம்." ராமுத்தாய் உடம்பின் மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். "தள்ளி உக்காருங்கடி, இன்னொரு ஆளு வருது!" என்று உள்ளே இருந்தவர்களில் முருகம்மாள் சத்தம் போட, நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஒதுங்கி இடம் விட்டார்கள்.

படம் எடுத்து முடித்ததும், ஐந்து பேரும் ரூமுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆஷ்லின் கிளம்பிவிட்டாள். செருப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனாள். பஸ் சிவகாசிக்குள் நுழையும்போது முதுகுக்குப் பின்னால் அந்த வெடிச்சத்தம் கேட்டது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

வெடித்த ரூமில் ஆட்களை எண்ண முடியாது. அதனால் அந்த ஊர்ப்பக்கம் முதலில் எண்ணுவது செருப்பைத்தான். ரூமிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில், அந்த ரூமுக்கு வேலைக்கு வந்தவர்கள் காலையில் கழற்றிப்போட்டது அப்படியே கிடக்கும். முந்தாநாள் அங்கே கிடந்தது நாலு ஜோடி.

நேற்று மேனேஜர் ஊர்க்காவலன் போன் பண்ணினார். "படத்துல அஞ்சு பேருன்னு சொன்னேல்ல தாயி, நாலாக்கிரு. நாலு செருப்பு, நாலு ஆளு. அம்புட்டுத்தான். உன் நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். அவளை உள்ள கூப்பிட்டது யாருன்னு கேள்வி வரும்ல."

சிவப்பு விளக்கு மறுபடி துடித்தபோது வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஞானபூரணி ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் நர்ஸ். முந்தாநாள் போனவள் இன்னும் வீடு திரும்பவில்லை. ஆஷ்லின் வாசலுக்கு ஓடினாள். கதவருகே கிடந்த ஊக்குச் செருப்பைக் காலால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் திறந்தாள்.

கசங்கிய சட்டையோடு ஒரு மனிதர். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"நான் ஒச்சப்பன் தாயி. ராமுத்தாய் வீட்டுக்காரன். நீங்க அன்னைக்குப் படம் பிடிக்க வந்தீகளாம்ல?"

"ஆமா."

"எம் பொஞ்சாதிய எங்கனயாச்சும் பார்த்தீகளா? அவ வேலை பார்த்த பக்கத்து ரூமை விட்டு எந்திரிச்சுப் போனான்னு கூட இருந்த பொம்பளைக சொல்லுதாக. எங்க போனான்னு சொல்ல ஆள் இல்ல. செருப்பு இல்லையாம். அதனால அவ அங்கனயே இல்லைங்காக. எவன்கூடயோ போயிட்டான்னு பேசுதாக தாயி. சின்னவ சோறு திங்க மாட்டேங்கா. செத்துட்டான்னு ஒரு ஆள் சொன்னாப் போதும், உக்காந்து அழுதுருவோம்."

ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ராமுத்தாய் செருப்பைக் கழற்றிக் கொடுக்க அவ்வளவு நேரம்கூட யோசிக்கவில்லை.

"நான் பார்க்கலண்ணே," என்றாள் ஆஷ்லின்.

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லாயிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். அவர் போனபிறகும் அந்தக் கும்பிடு வாசலில் நின்றுகொண்டிருந்ததுபோல இருந்தது அவளுக்கு.

உள்ளே வந்தாள். வீட்டில் ஒரு வாடை. முதலில் தீக்குச்சி உரசிய வாடையாக, பிறகு திருவிழா முடிந்த தெருவின் வாடையாக, அதற்கும் அடியில் சமையலறையில் ஒருபோதும் வரக்கூடாத ஒரு கருகலாக அது நடையிலிருந்து அவளுக்கு முன்னே முன்னே நடந்து, கம்ப்யூட்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் அது கலையவில்லை.

திரையில் பக்கம் அப்படியே இருந்தது. 'வாங்க, வாங்க.' நான்கு பெண்கள்.

ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்த விதம் மாறியிருந்தது. காலையில் அவள் பூசி அழித்த மூலையை ஒட்டி அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நான்கு பேரும் ஒரு பக்கமாக நெருக்கி ஒதுங்கியிருந்தார்கள். நடுவில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, வெறும் ரப்பர் விரிப்பு.

பக்கத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கும் எஃப் ஐந்து பொத்தானை அழுத்தப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். பொத்தான்மேல் ஒரு விரல் தடம். வெள்ளியாய் மின்னியது.

தன் நைட்டியின் ஓரத்தைப் பிடித்து அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது.

போன் அடித்தது. அம்மா.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"குரல் ஏன் இப்பிடி இருக்கு? பயமா இருந்தா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணு. நான் வந்துருவேன். இங்க அந்த முருகம்மாளுக்குத்தான் உயிர் இருக்கு. விட்டுட்டு வர மனசு கேக்கல. உடம்பு பூரா வெந்து கிடக்கு. அசைஞ்சாலே உயிர் போகும். ஆனா கட்டில்ல ஒதுங்கி ஒதுங்கிப் படுக்கா. 'தள்ளி உக்காருங்கடி, இன்னொரு ஆளு வருது'ங்கா. ஆஷ்லின், அந்த ரூம்ல அஞ்சாவதா யாராச்சும் இருந்தாகளா? நீ பார்த்தியா?"

சிவப்பு விளக்கு துடித்தது. நின்றது. காத்திருந்தது.

"இல்லம்மா."

"சரி. கர்த்தர் பார்த்துக்குவார்," என்றாள் அம்மா. வழக்கமாக ஆறுதலாகச் சொல்கிற வார்த்தைதான். இன்று அது ஆறுதலாக இல்லை.

ஆஷ்லின் சர்வரை நிறுத்தினாள். இனி கேட்டால் கொடுக்க ஆள் இல்லை. பக்கம் கிடைக்கவில்லை என்றுதான் வர வேண்டும். அழுத்தினாள்.

பக்கம் வந்தது.

பழைய நினைவில் இருந்து வருகிறதோ என்று பிரவுசர் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அழித்தாள். மறுபடி அழுத்தினாள். பக்கம் வந்தது. நான்கு பெண்களும் இப்போது சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவேண்டிய யாரையோ பார்ப்பதுபோல.

மின்சாரம் போனது.

மின்விசிறி மெல்ல நின்றது. மேசைக்கு அடியில் யூ.பி.எஸ். கீச்சிட்டது. கீச்சிட்டது. அதுவும் ஓய்ந்தது. திரை கறுத்தது. அந்திக் கருக்கலில் வீடு வாயை மூடிக்கொண்டது.

சிவப்பு விளக்கு மட்டும் துடித்தது.

"அக்கா," என்றாள் ஆஷ்லின். "சொல்லிடுறேன். நானே போய்ச் சொல்லிடுறேன். செருப்பைக் காட்டுறேன். நான்தான் கூப்பிட்டேன்னு சொல்றேன்."

வாசலுக்கு ஓடினாள். டிரம்முக்குப் பின்னால் கையை விட்டாள். ஈரச் சுவர். வெறும் தரை. கை எட்டும் மட்டும் துழாவினாள்.

செருப்பு இல்லை.

வாசற்படியிலிருந்து உள்ளே, சிமென்டுத் தரையில், பாதத் தடங்கள். வெறுங்கால். வெள்ளி. ஒவ்வொன்றாக நடையைத் தாண்டிக் கம்ப்யூட்டர் மேசை வரை போயின. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

மின்சாரம் இல்லாத திரையில் வெளிச்சம் வந்தது.

பக்கம் இல்லை. 'வாங்க, வாங்க' இல்லை. படம் மட்டும். திரை முழுக்கப் படம். நான்கு பெண்கள். நடுவில் இடம். ஓரத்தில், முன்பு படத்தில் விழாத வேப்பமரம். அதனடியில் செருப்புகள்.

நாலு ஜோடி. அதற்குப் பக்கத்தில், யாரோ உள்ளே போகுமுன் ஒழுங்காகக் கழற்றி வைத்ததுபோல, இன்னொரு ஜோடி.

நீலம். ஒன்றில் வார் அறுந்திருந்தது.

ஆஷ்லின் கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் மருந்துப்பொடி கசந்தது. கால் பின்னால் போனது. சிமென்டு படவில்லை. மெத்தென்று, வழவழவென்று, ரப்பர். இடது பக்கம் ஒரு இடுப்பு இடித்தது. வலது பக்கம் ஒரு தோள்.

"நல்லாத் தள்ளி உக்காருங்கடி. இடம் பத்தும்."

எங்கோ தொலைவில், வேறொரு வீட்டில், போன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா. அடித்தது. அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

எதிரே ரூம் வாசல். வெளியே கண்ணைக் குத்தும் உச்சி வெயில். அந்த வெயிலுக்கு முன்னால் கேமராவோடு ஒரு உருவம். முகம் தெரியவில்லை. கால் தெரிந்தது. பழுப்புச் செருப்பு. வாரில் ஊக்கு.

"சிரிங்க," என்றது அது. ஆஷ்லினின் குரல். அவளுடையதேதான். "ஒரே ஒரு படம்."

ஆஷ்லின் எழுந்திருக்கப் பார்த்தாள். மடியில் பாதி அடைத்த புஸ்வாணக் கூடு. விரலெல்லாம் வெள்ளி. பக்கத்தில் நான்கு பேரும் அசையாமல் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேமராவின் முகப்பில், மிளகளவுக்கு, ஒரு சிவப்பு விளக்கு துடித்தது.